டாஷ்கேம் ஃபர்ம்வேரும் செட்டிங்கும்: கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிவிட்டேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற பேச்சு இன்றைக்கு இல்லை. கையில் இருக்கும் டாஷ்கேமில், அதாவது வண்டியின் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவுசெய்யும் கேமராவில், பகலிலும் இரவிலும் தெளிவான படம் வர என்ன செய்யலாம் என்பது மட்டும்தான்.

புதுவண்டி: என் கேமராவுக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது. போட்டால் படம் தெளிவாகுமா?

பதில்: ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள். அதோடு வரும் மாற்றக் குறிப்பைப் படியுங்கள். புது மொழி சேர்த்தோம், வைஃபை கோளாற்றைச் சரிசெய்தோம் என்று மட்டும் இருந்தால், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லாதவரை விட்டுவிடுங்கள். நன்றாக ஓடும் கேமராவை நோண்ட வேண்டியதில்லை. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு சேமிக்கிறது), எக்ஸ்போஷர் (எவ்வளவு ஒளியை வாங்குகிறது), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிவது) பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் போட்டுப் பார்க்கலாம். படத்தில் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான்.

ஆனால் கேமராவின் பெயரை மட்டும் நம்பி ஃபர்ம்வேர் போடாதீர்கள். பெயரும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும், உள்ளே சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, வேறாக இருக்கும். மெனுவில் வெர்ஷன் என்ற இடத்தில் வரும் எழுத்தையும் எண்ணையும் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு, புது ஃபைல் அதே வரிசையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். பழைய ஃபைல் கிடைத்தால் அதையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் வேறு சென்சாருக்கானதென்றால் படம் கெட்டுப்போகும். வேறு சர்க்யூட் போர்டுக்கானதென்றால் கேமரா ஆன் ஆகாது.

போடும் முறை: கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் வைத்து, வீட்டுக்குள் நல்ல யூஎஸ்பி சார்ஜரில் செருகிச் செய்யுங்கள். வண்டியில் வேண்டாம். நடுவில் யாராவது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் மின்சாரம் விட்டுப்போகும், அப்டேட் பாதியில் நின்றால் மீட்பது கஷ்டம். முடிந்ததும் கார்டிலிருந்து அந்த ஃபைலை அழியுங்கள், இல்லையென்றால் சில கேமராக்கள் ஆன் ஆகும்போதெல்லாம் மறுபடி அப்டேட் செய்யப் பார்க்கும். கடைசியாக ஒரு ஃபாக்டரி ரீசெட். தேதி, நேரம் உட்பட எல்லா செட்டிங்கையும் புதிதாக வையுங்கள்.

ராக்காவல்: 4கே கேமரா. பகலில் அருமையாக இருக்கிறது. இரவில் எதிரே போகிற வண்டியின் நம்பர் ஒன்றுகூடத் தெரியவில்லை. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

பதில்: இன்றைக்கு வந்ததில் இதுதான் நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

நம்பர் தெரிவதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பலகையின் மேல் போதுமான பிக்சல் விழ வேண்டும். 130 டிகிரி அகலக் கோணத்தில் 1080பி படமென்றால் ஒரு டிகிரிக்குச் சுமார் 15 பிக்சல். அரை மீட்டர் அகலமுள்ள பலகை 10 மீட்டரில் 40 பிக்சல் சொச்சம் வரும், தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். 20 மீட்டரில் அது 20 பிக்சலாகிவிடும், அவ்வளவுதான். 4கே இதை இரண்டு மடங்காக்கும். உங்களுக்குப் பகலில் நன்றாக வருவது அதனால்தான்.

இரண்டாவது ஷட்டர் நேரம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம். இரவில் கவிழ்ப்பது இதுதான். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஷட்டர் அதிகபட்சம் 1/30 நொடி திறந்திருக்கும். இருட்டில் கேமரா தானாகவே அந்த எல்லைவரை போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நீங்கள் போனால் அந்த 1/30 நொடிக்குள் வண்டி 55 சென்டிமீட்டர் நகர்கிறது. சாலையோரம் நிற்கும் வண்டியை நெருங்கிக் கடக்கும்போது அந்த நகர்வு முழுக்கப் படத்தில் இழுபடும். பலகையின் அகலமே அதைவிடக் குறைவு, எழுத்து எப்படி நிற்கும்? நண்பகலில் அதே ஷட்டர் 1/1000க்கு இறங்கும், நகர்வு இரண்டு சென்டிமீட்டருக்கும் கீழே. உங்கள் முன்னால் அதே வேகத்தில் போகிற வண்டியின் நம்பர் இரவிலும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் உங்களுக்கும் இடையே நகர்வு இல்லை என்பதுதான் காரணம்.

அதனால் திரையில் பளிச்சென்று தெரியும் இரவுப் படத்தை நம்பாதீர்கள். நிறைய நேரம் அந்த வெளிச்சம் ஷட்டரை நீட்டி வாங்கியது. எக்ஸ்போஷரை, அதாவது இ.வி.யை, ஓரிரு படி குறைத்து -0.3 அல்லது -0.7 வைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் இருண்டாலும் எழுத்து மீளும். தெருவிளக்கு இருக்கும் சாலையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லென்ஸ் மேல் சி.பி.எல். (போலரைசர்) ஃபில்டர் மாட்டியிருந்தால் இரவில் கழற்றுங்கள். பகலில் டாஷ்போர்டு பிரதிபலிப்பை அழகாக வெட்டும், ஆனால் பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். அப்புறம் மைக்கை ஆனில் வைத்து, சந்தேகமான வண்டி கடக்கும்போது அதன் நம்பரை வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தச் சென்சாரும் தராத சாட்சி அது.

கண்ணாடிக்காரர்: பகலிலேயே படம் பனி மூட்டமாக இருக்கிறது. மாற்று ஃபர்ம்வேர் ஏதாவது உண்டா?

பதில்: லென்ஸ் மேல் ஒட்டிவந்த பாதுகாப்புத் தாளை எடுத்தீர்களா? எடுத்துவிட்டேன் என்றால், முன்கண்ணாடியின் உள்பக்கத்தை லென்ஸுக்கு நேரே விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். வெயில் நேரே அடிக்கும்போது படம் முழுக்க வெளுத்துப்போவது அதனால்தான். துடையுங்கள். இதற்கு ஃபர்ம்வேர் தேவையில்லை.

மலைப்பாதை: அண்ணா, வானம் நன்றாக வருகிறது, சாலை இருட்டாக இருக்கிறது.

பதில்: கேமராவைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். வானம் படத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அந்த வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கேமரா சாலையை இருட்டாக்கும். தொடுவானம் படத்தின் நடுவிலோ அதற்குச் சற்று மேலேயோ வரட்டும்.

நெடுந்தூரம்: எங்கள் மாடலுக்கு யாரோ மாற்றியமைத்த ஃபர்ம்வேர் கிடைக்கிறது. பிட்ரேட் இரண்டு மடங்காம். போடலாமா?

பதில்: பெயரை நம்பாதீர்கள், வெர்ஷன் எழுத்தைப் பாருங்கள் என்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பிட்ரேட் கூட்டுவதால் பலன் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. மரங்கள், சரளைக்கல், மழை என்று நுணுக்கம் நிறைந்த காட்சியில் பகல் படம் கட்டம்கட்டமாக உடைவது குறையும். இரவு மங்கலை அது ஒன்றும் செய்யாது, மங்கலான எழுத்தை அதிக பிட்டில் சேமித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்) என்றால் மணிக்கு 13.5 ஜிபி. 64 ஜிபி கார்டில் நாலரை மணி நேரம் நிற்கும். இரண்டு மடங்காக்கினால் அது பாதியாகும், கேமராவும் அதிகம் சூடாகும். உங்கள் கேமராவில் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறை இருந்தால் அதைப் போடுவது இதைவிட நல்ல வழி, குறைந்த பிட்டில் அதே தெளிவு. பழைய கணினியில் ஓடுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

2 மெகாபிக்சல் சென்சாரில் 4கே மெனு சேர்க்கிறேன் என்று சொல்லும் ஃபைலைத் தொடவே வேண்டாம். சோனி ஐஎம்எக்ஸ்307 போன்ற சென்சாரில் இருப்பதே 2 மெகாபிக்சல். மீதியை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறது.

சாலைவிளக்கு: இ.வி.யைக் குறைக்கச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பக்கம் விளக்கே இல்லாத சாலை. ஓரமாக நடந்து வருகிறவர் படத்தில் தெரியாவிட்டால் நம்பர் தெரிந்து என்ன பயன்? நான் +0.3 வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த +0.3 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கும்மிருட்டில் ஷட்டர் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது, அதற்கு மேல் நீளாது. நீங்கள் கூட்டுவது கெயின் மட்டும், அதாவது சென்சார் தரும் சிக்னலைப் பெருக்குவது, கூடவே புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் ஏறும். நடந்து வருகிறவர் ஹெட்லைட் வட்டத்துக்குள் வந்தால் இ.வி. பூஜ்யத்திலேயே தெரிவார்.

லென்ஸ்கண்: அப்படியானால் கும்மிருட்டில் இ.வி.யைக் குறைத்தாலும் ஷட்டர் குறையாதே. முதலில் கெயின்தானே இறங்கும்? நீங்கள் சொன்ன பலன் அங்கே எப்படி வரும்?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். ஷட்டர் பலன் வெளிச்சமுள்ள தெருவுக்கு, அதனால்தான் தெருவிளக்கு என்று எழுதினேன். விளக்கில்லாத சாலையில் கிடைக்கும் பலன் வேறு. பிரதிபலிக்கும் நம்பர் பிளேட்டில் உங்கள் ஹெட்லைட் பட்டால் அது வெள்ளைத் தகடாக எரியும், எழுத்து கரைந்துபோகும். இ.வி.யைக் குறைத்தால் அது அடங்கும்.

கும்மிருட்டிலும் ஷட்டரைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரே நேர்வழி 60 ஃபிரேம். எல்லை 1/60 ஆகும், இழுபடுவது பாதியாகும். ஒளியும் பாதியாகும், அதைக் கெயின் ஈடுகட்டும், இரைச்சல் ஏறும்.

சாலைவிளக்கு: அப்போது இருட்டில் நான் செய்வது தப்பில்லை.

பதில்: தப்பு என்று சொல்லவில்லை, எதை இழக்கிறோம் என்று தெரிந்து வைத்தால் போதும். வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டு, தெரிந்த ஒருவரைப் பத்தடி, முப்பதடி, அறுபதடி தூரத்தில் நிற்கச் சொல்லி +0.3, 0, -0.3 மூன்றிலும் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வண்டியின் நம்பரும் படத்தில் இருக்கட்டும். கணினியின் பெரிய திரையில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்.

புதியவர்: எச்.டி.ஆர். இரவில் ஆனா ஆஃபா?

பதில்: எச்.டி.ஆர். என்பது மிக வெளிச்சமான இடத்தையும் இருண்ட இடத்தையும் ஒரே படத்தில் தெரியவைக்கும் வசதி. பழைய கேமராக்களில் அதற்குப் பதில் டபிள்யூ.டி.ஆர். என்று வருவது பெரும்பாலும் இருண்ட பகுதியைத் தூக்கிக் காட்டும் வேலைதான், இரவில் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். ஆஃப் செய்து ஒப்பிடுங்கள். சோனியின் ஸ்டார்விஸ் 2 வகைச் சென்சார் உள்ள கேமராக்களில் எச்.டி.ஆர். உண்மையிலேயே வெவ்வேறு எக்ஸ்போஷர்களைச் சேர்க்கிறது. அங்கே இரவில் ஆனில் வைத்தால் பிளேட் எரிவது நன்றாகக் குறையும்.

விளக்குப்பிசாசு: சிக்னல் விளக்கு படத்தில் அணைந்து அணைந்து எரிகிறது.

பதில்: பல எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தின் அலைக்கேற்பத் துடிக்கின்றன. உங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பார்த்து மெனுவில் அதையே வையுங்கள். அப்படி வைத்தும் ஃபிரேம் கணக்கு அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் விளக்கு நீண்ட நேரம் அணைந்ததாகவே தெரியும். அதைக் கலைக்கத்தான் சில கேமராக்களில் நொடிக்கு 27.5 ஃபிரேம் என்று ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள்.

அவசரக்காரர்: புது ஃபர்ம்வேர் போடலாமா? மாடல் பெயர் மட்டும் தெரியும்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பெயர் போதாது.

இன்னொருவர்: என் நண்பர் கேமராவும் என்னுடையதும் ஒரே மாடல், அவர் ஃபைலைப் போடலாமா?

பதில்: இதே கேள்விதான் மூன்றாவது முறையாக வருகிறது. இரண்டு கேமராவிலும் வெர்ஷன் எழுத்து ஒன்றாக இல்லாமல் போடாதீர்கள்.

கார்டுக்காரர்: நடுநடுவே சில நிமிடங்கள் பதிவாகவில்லை.

பதில்: முதல் சந்தேகம் கார்டு மேல்தான். வி30 வேகக் குறியுள்ள, ஹை எண்டியூரன்ஸ் (திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும்) வகைக் கார்டு போடுங்கள். போலிக் கார்டுகள் உண்டு, எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்காது. வாங்கியதும் கணினியில் முழுக்க எழுதிச் சோதித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதிர்வை உணரும் ஜி-சென்சாரின் உணர்திறனையும் குறைத்து வையுங்கள். அதிகம் வைத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஃபைல் பூட்டப்பட்டு, பழைய ஃபைலை அழித்து எழுதும் லூப் ரெக்கார்டிங் இடமில்லாமல் நின்றுவிடும்.

வெயில்வண்டி: வண்டி நிற்கும்போதும் பதிவாகும்படி பார்க்கிங் மோடில் வைக்கலாமா?

பதில்: கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி என்றால் வெயிலில் வேண்டாம், அது உப்பும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளது என்றால் வைக்கலாம், வண்டி பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் துண்டிக்கும்படி ஹார்ட்வயர் கிட்டில் (வண்டியிலிருந்து கேமராவுக்கு நேரே மின்சாரம் தரும் இணைப்பு) அமைத்துவிடுங்கள்.

சாலைவிளக்கு: மூன்றிலும் எடுத்துப் பார்த்துவிட்டேன். அறுபதடியில் நின்றவர் +0.3ல் மட்டும் லேசாகத் தெரிகிறார். நம்பர் -0.3ல் மட்டும் படிக்க வருகிறது. பூஜ்யத்தில் இரண்டும் பாதிப் பாதி.

பதில்: அருமை, இனி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சாலை உங்களுக்குத் தெரியும். ஊருக்குள் நுழையும் நாளில் -0.3. இரவு முழுக்க விளக்கில்லாத சாலையென்றால் உங்கள் +0.3ஐயே வைத்துக்கொள்ளுங்கள், கூடவே மைக் ஆனில் இருக்கட்டும்.