கூட்ட அறைக்கு எந்தப் புரொஜெக்டர்? கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பேர் அமரும் அறை. பெட்டியில் "9,000 லூமென்" என்று போட்ட கையடக்க எல்இடி புரொஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 9,000 பெட்டியின்மேல் மட்டும்தான் ஒளிரும். ஆன்சி லூமென், அதாவது தர முறைப்படி அளந்த ஒளியின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் சில நூறுதான் தேறும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். திரை 2 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம்; பரப்பு 2.5 சதுர மீட்டர். 3,000 லூமென் அதில் பரவினால் 1,200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). அறை விளக்குகளால் திரையில் ஏற்கெனவே 300 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டருக்குக் கறுப்பு ஒளி என்று எதுவும் கிடையாது. அது ஒளி பாய்ச்சாத இடமே கறுப்பு. ஆக, உங்கள் கறுப்பு 300, வெள்ளை 1,500. ஐந்து மடங்கு வேறுபாடு இருப்பதால் எழுத்தைப் படித்துவிடலாம். அதுவே 200 லூமென் என்றால் வெள்ளை 380, கறுப்பு 300. வந்தவர்கள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: விளக்கை அணைத்துவிட்டால்?

பதில்: குறிப்பெடுப்பவர் என்ன செய்வார்? திரையை ஒட்டிய விளக்குக்கு மட்டும் தனி ஸ்விட்ச் வைத்து அதை அணையுங்கள். மேற்சொன்ன 300 பாதியானாலே வேறுபாடு ஒன்பது மடங்காகிவிடும்.

கேள்வி: "1080பி ஆதரவு" என்றால் முழு எச்டிதானே?

பதில்: இல்லை. அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது 800 × 480 பிக்சலாகவும் இருக்கலாம். "நேட்டிவ்" (கருவியின் சொந்தப் பிக்சல் எண்ணிக்கை) என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். ஸ்லைடுகளுக்கு 1280 × 800 போதும். பொடி எண்கள் நிறைந்த அட்டவணை என்றால் 1920 × 1080.

கேள்வி: எங்கள் அறையின் நீளமே மூன்று மீட்டர்தான்.

பதில்: அப்படியானால் முதலில் த்ரோ ரேஷியோவைப் பாருங்கள்: திரைக்கான தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. அது 1.5 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு லென்ஸே பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். 0.5 உள்ள ஷார்ட் த்ரோ வகைக்கு ஒரு மீட்டர் போதும். பேசுபவரின் கண்ணும் கூசாது.

கேள்வி: ஓரமாக வைத்துவிட்டு, கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் வசதியில் நேராக்கிக்கொள்ளலாமா?

பதில்: படத்தைச் சுருக்கித்தான் அது நேராக்குகிறது, பிக்சல்கள் வீணாகும், எழுத்து மங்கும். மேசையை நகர்த்துங்கள்.

கேள்வி: டிஎல்பியா, 3எல்சிடியா?

பதில்: இரண்டும் புரொஜெக்டர் படத்தை உருவாக்கும் முறைகள். 3எல்சிடியில் நிறங்கள் ஒன்றாகவே வரும். மலிவான டிஎல்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சட்டென்று பார்வையைத் திருப்பினால் சிலருக்கு வானவில் கீற்று தெரியும். நான் அந்தச் சிலரில் ஒருவன், ஆகவே 3எல்சிடி பக்கம் சாய்வேன். அதில் தூசி வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

கேள்வி: விளக்குக்குப் பதிலாக லேசர் உள்ள புரொஜெக்டர் 20,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்களே?

பதில்: உழைக்கட்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 500 மணி நேரம். 5,000 மணி நேர விளக்கே பத்தாண்டு வரும்.

கேள்வி: நாங்கள் நான்கே பேர்.

பதில்: 65 அங்குல டிவி வாங்குங்கள்.