அசோகரின் வருத்தம் கலிங்கத்தில் பொறிக்கப்பட்டதா?

கேள்வி: கலிங்கப் போரைக் கண்டு அசோகர் மனம் வருந்தினார் என்பதற்கு நேரடிச் சான்று உண்டா? பிற்காலப் பௌத்த நூல்கள் புனைந்த கதைதான் அது என்கிறார் என் நண்பர். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சான்று உண்டு, அதுவும் அசோகரின் வாக்காகவே உண்டு. முடிசூடி 8 ஆண்டுகள் ஆன நிலையில் கலிங்கத்தை வென்றதாகவும், 1,50,000 பேர் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டதாகவும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதாகவும், அதைப்போல் பல மடங்கினர் மாண்டதாகவும் அவர் பல இடங்களில் பாறைகளில் பொறிக்கச் செய்த கட்டளைகளுள் 13ஆவது (13ஆம் பாறைக் கல்வெட்டு) கூறுகிறது. எண்களை அப்படியே கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அவற்றைத் தம் வெற்றியின் பெருமையாகச் சொல்லாமல், உயிர் தப்பியவர்களும் நண்பரையும் உறவினரையும் இழந்து துன்புறுவதை எண்ணி வருந்துவதாகவும், அந்தத் துயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இனி நேர்ந்தாலும் தமக்கு வேதனையே என்றும் ஒரு பேரரசர் கல்லில் வெட்டச் செய்தார் என்பதே என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

உங்கள் நண்பரின் கருத்துக்கு நேர்மாறானது உண்மை. இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் கலிங்கப் போரைப் பற்றிப் பேசுவதே இல்லை; நிக்ரோதர் என்ற இளம் துறவியைச் சந்தித்ததால் அசோகர் மனம் மாறினார் என்றே அது சொல்கிறது. கல்வெட்டு கிடைத்திராவிட்டால், அந்த வருத்தத்தை நாம் அறிந்திருக்கவே முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இரண்டு இடங்களிலும் 11, 12, 13ஆம் கட்டளைகள் பொறிக்கப்படவில்லை. அவற்றுக்கு மாறாக, தோசலி, சமாபா நகரங்களின் அதிகாரிகளுக்கு இடப்பட்ட இரண்டு தனிக் கட்டளைகள் அங்கே உள்ளன. மக்கள் அனைவரும் என் பிள்ளைகள் என்றும், காரணமின்றி எவரையும் சிறையிட்டுத் துன்புறுத்தலாகாது என்றும் அவை அறிவுறுத்துகின்றன. இக்கட்டளைகள் குறித்த நாட்களில் மக்கள் முன் படிக்கப்பட வேண்டியவை. தோற்றவர்கள் நடுவே அவர்களுடைய சாவுக் கணக்கைப் படிப்பது ஆட்சிக்கு ஆகாது என்று அசோகர் கருதியிருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிடவும் இல்லை. காட்டுவாசிகள் அடங்கி நடக்காவிட்டால், வருந்தும் நிலையிலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்ற எச்சரிக்கையும் அதே 13ஆம் கட்டளையில்தான் இருக்கிறது. அவருடைய இரக்கம் பொய்யென்று இதனால் ஆகிவிடாது. அது அரசாட்சியைத் துறந்தவரின் இரக்கமன்று, ஆண்டுகொண்டே இருந்தவரின் இரக்கம்.

கேள்வி: தமிழகம் அசோகரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை. 2ஆம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லைக்கு அப்பாற்பட்டவர்களாகக் குறிப்பிட்டு, அவர்கள் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதாகச் சொல்கிறது. இவர்களுள் சத்தியபுத்திரர் யார் என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று தொடங்கி, அதியமான் மரபினரே அவர்கள் எனக் காட்டியது.