1984-85 சீரி ஆ, வெரோனா சாம்பியன் ஆன சீசன்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

போன வாரம் வெரோனா பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இன்பாக்ஸ் ஃபுல்லா கேள்வி, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். வெரோனா ஊரோட கால்பந்து டீம் ஹெல்லாஸ் வெரோனா, இத்தாலியோட டாப் டிவிஷன் லீக்கான சீரி ஆ-வை ஜெயிச்ச ஒரே சீசன் இது. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

மஞ்சள்நீலம்: அண்ணே, இது லெஸ்டர் மாதிரி ஒரு அதிசயம்னு எடுத்துக்கலாமா?

எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, எனக்கு ஒத்துக்க மனசு வரல தம்பி. 2016ல இங்கிலாந்து லீக்கை ஜெயிச்ச லெஸ்டர், முந்தின வருஷம் ரெலகேஷன்லேர்ந்து (கீழ் டிவிஷனுக்கு இறங்குறதுலேர்ந்து) தப்பிச்சு வந்த டீம். வெரோனா அப்படி இல்ல. கோச் ஒஸ்வால்டோ பான்யோலி 1982ல இவங்கள ரெண்டாவது டிவிஷனான சீரி பி-லேர்ந்து மேல கொண்டு வந்தாரு, வந்த முதல் வருஷமே நாலாவது இடம், அடுத்த வருஷம் ஆறாவது, நடுவுல 1983லயும் 1984லயும் கோப்பா இத்தாலியா (இத்தாலி நாக்-அவுட் கப்) ஃபைனல் வரைக்கும் போய் ரெண்டையும் தோத்தாங்க. மூணு வருஷமா அடுப்புல வெந்துக்கிட்டே இருந்த சோறு, நாம தட்டுல போட்டப்பதான் பாத்தோம். அப்புறம் அந்த டீம் யாருன்னு பாருங்க, ஃபன்னாவும் கால்டெரிசியும் யுவென்டஸ் விட்டுட்ட ஆளுங்க, கேப்டன் ட்ரிசெல்லா இன்டர்ல இடம் கிடைக்காம வந்தவர், டி ஜென்னாரோ ஃபியோரென்டினாலேர்ந்து வந்தவர். பெரிய டீம்ங்க வேணாம்னு ஒதுக்கினதை எல்லாம் பொறுக்கி எடுத்து, அவனவனுக்கு சரியான இடத்தை குடுத்தாரு மனுஷன், அவ்ளோதான் ரகசியம்.

பெஞ்சுல உக்காந்தவன்: ப்ரோ 43 பாயிண்ட்ல எப்படி சாம்பியன்??

அப்போ ஜெயிச்சா 2 பாயிண்ட்தான் ப்ரோ, 16 டீம், 30 மேட்ச். 15 வின், 13 டிரா, 2 தோல்வி. இன்னிக்கு கணக்குல போட்டா 58 வரும். ரெண்டாவது வந்த டொரினோ 39.

கவிதா: சார், அந்த ஷூ இல்லாம அடிச்ச கோல் உண்மையா, இல்ல சும்மா கதையா?

நூறு பர்சென்ட் உண்மைம்மா, வீடியோ இருக்கு, நான் ஸ்பீடை கம்மி பண்ணி எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. 1984 அக்டோபர் 14, பெண்டெகோடி ஸ்டேடியம், எதிர்ல யுவென்டஸ். கால்டெரிசி ஏற்கனவே ஒண்ணு போட்டாச்சு. வெரோனாவோட ஸ்ட்ரைக்கர், டென்மார்க்காரர் எல்க்யார் லெஃப்ட் சைடுல பந்தை எடுத்துக்கிட்டு ஓடுறாரு, ஒரு டிஃபெண்டர் பின்னாலேர்ந்து காலை விடுறான், வலது ஷூ கழண்டு போயிடுது. நாமளா இருந்தா நின்னு ரெஃப்ரிய பாத்து கைய தூக்கியிருப்போம், இவர் நிக்கவே இல்ல, பாக்ஸுக்குள்ள வெட்டி திரும்பி வெறும் சாக்ஸ் போட்ட அந்த வலது காலாலயே அடிக்கிறாரு, பந்து கோல்கீப்பர் தக்கோனியை தாண்டி உள்ள. 2-0. அந்த டிஃபெண்டர் யார்னு கேட்டா சிரிப்பீங்க, ஸ்டெஃபானோ பியோலி, பின்னாடி 2022ல ஏசி மிலானை சாம்பியன் ஆக்கின அதே கோச்தான்.

நப்போலி வெறியன்: மரடோனா வந்த வருஷம்தானே இது, எங்க தலைவரை பத்தி ஒரு வார்த்தை கூட காணோம் 😡

வரேன் வரேன். மரடோனாவோட முதல் சீரி ஆ மேட்சே வெரோனா கூடத்தான், அதுவும் வெரோனா ஊர்ல. பான்யோலி ஜெர்மன்காரர் பிரீகலை அவர் மேல நிழல் மாதிரி ஒட்ட விட்டாரு. பிரீகல் சின்ன வயசுல தடகளம் பண்ணவர், உடம்பு மலை மாதிரி, ஆனா ஓடினா நிக்க மாட்டாரு. அவர் மரடோனாவையும் புடிச்சு வெச்சாரு, போய் கோலும் போட்டாரு, வெரோனா 3-1. அந்த சீசன் மரடோனா லீக்ல 14 கோல் போட்டும் நப்போலி எட்டாவது இடம்தான், உங்க நேரம் ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சு. இன்னொண்ணு, 1987ல நீங்க ஜெயிச்சப்ப கோல்ல நின்னது யாரு? வெரோனாலேர்ந்து வந்த அதே கரெல்லாதான்.

ஆஃப்சைடு: கரெல்லா காலால சேவ் பண்ணுவாராமே

ஆமா, கை எதுக்குன்னு கேக்கற டைப். முழங்கால், பாதம், முதுகு எது கிடைக்குதோ அதுல தடுப்பாரு, பாக்க அழகாவே இருக்காது. அதுக்கு முன்னாடி லாட்சியோல இருந்தப்ப சொதப்பினதுக்கு அவர் பேர்லயே 'கரெல்லாட்டா'ன்னு ஒரு வார்த்தை உருவாக்கி கிண்டல் பண்ணாங்க. அந்த ஆளு நின்ன டீம் 30 மேட்ச்ல வாங்கினது 19 கோல்.

சந்தேகப் பிராணி: தலைவா நேரா கேக்கறேன், அந்த ஒரு வருஷம் மட்டும் ரெஃப்ரிகளை சீட்டு குலுக்கிப் போட்டு அனுப்பினாங்க, அதனாலதான் சின்ன டீம் ஜெயிச்சுதுன்னு சொல்றாங்களே?

இந்த கேள்வி வரும்னு தெரியும். குலுக்கல் உண்மை. வழக்கமா எந்த மேட்சுக்கு எந்த ரெஃப்ரின்னு ஒரு ஆள் உக்காந்து முடிவு பண்ணுவாரு, அந்த சீசன்ல முழுக்க குலுக்கல்தான், அடுத்த சீசனே பழைய முறைக்கு போயிட்டாங்க, உடனே வெரோனாவும் பத்தாவது இடத்துக்கு போயிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, குலுக்கல் பெரிய டீம்களுக்கு கிடைச்சிருக்கக்கூடிய சலுகைய வேணா தடுத்திருக்கலாம், அது வெரோனாவுக்கு கோல் போட்டு குடுக்கல. உடினேசே ஊர்ல போய் 3-0 லீட் எடுத்து, அதை 3-3 ஆக விட்டுட்டு, மறுபடி எழுந்து 5-3 ஜெயிச்சாங்களே, அது எந்த சீட்டுல வந்துச்சு? அந்த உடினேசேல ஜீகோ இருந்த காலம் வேற. சீசன் முழுக்க இவங்க தோத்தது அவெல்லினோகிட்ட ஒரு தடவை, டொரினோகிட்ட ஒரு தடவை.

லேட்டா வந்தவன்: வேற யார்லாம் ஆடினாங்க அப்போ

டீமுக்கு ரெண்டு வெளிநாட்டு ஆள்தான் அலவ்டு, ஆனா வந்த லிஸ்ட்டை பாருங்க. யுவென்டஸ்ல பிளாட்டினி (18 கோல், அவர்தான் டாப் ஸ்கோரர்), போனியெக், இன்டர்ல ரும்மெனிகே, ஃபியோரென்டினால சாக்ரடீஸ், ரோமால ஃபல்காவ், சம்ப்டோரியால சூனஸ். இவ்வளவு பேர் நடுவுல டைட்டில் போனது பிராந்தியத் தலைநகரா கூட இல்லாத ஒரு ஊருக்கு. 1929ல இப்ப இருக்கற லீக் முறை வந்ததுக்கு அப்புறம் அப்படி வேற எந்த ஊரும் ஜெயிச்சதில்ல.

கவிதா: டைட்டில் கன்ஃபர்ம் ஆன மேட்ச் எது சார்?

1985 மே 12, பெர்கமோல, அட்டலாண்டா கூட 1-1. முதல்ல அட்டலாண்டாதான் போட்டாங்க, எல்க்யார் சமன் பண்ணாரு (இந்த தடவை ஷூவோட). ஒரு மேட்ச் பாக்கி இருக்கும்போதே முடிஞ்சுடுச்சு.

பெஞ்சுல உக்காந்தவன்: ப்ரோ அந்த ஊர் ஃபேன்ஸ் எப்படி, செம்ம ரொமான்டிக்கா இருக்கும்போல

அங்க கொஞ்சம் நிறுத்துங்க. டீம் கதை அழகு, கேலரி கதை அவ்வளவு அழகு இல்ல. நப்போலி வந்தா தெற்கு இத்தாலிக்காரங்களை கேவலப்படுத்துற பேனரும் கோஷமும் அந்த காலத்துலயே இருந்துச்சு, கறுப்பின பிளேயர்களை கத்தி அசிங்கப்படுத்தினது பின்னாடியும் நடந்திருக்கு. டீமை பிடிக்கும்ங்கறதுக்காக இதை மறைக்க முடியாது.

ஆஃப்சைடு: அடுத்த வருஷம் ஐரோப்பியன் கப்ல என்ன ஆச்சு?

ஐரோப்பியன் கப்னா இன்னிக்கு சாம்பியன்ஸ் லீக். முதல் ரவுண்டுல கிரீஸோட பாவோக்கை தட்டி வெளிய அனுப்பினாங்க. ரெண்டாவது ரவுண்டுல எதிர்ல வந்தது யுவென்டஸ், நடப்பு சாம்பியன்ங்கறதால அவங்களும் உள்ள இருந்தாங்க. ஊர்ல 0-0. டூரின்ல நடந்த ரெண்டாவது மேட்ச் முந்தின சீசன் ஃபைனல்ல பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் ஸ்டேடியத்துல 39 பேர் செத்ததுக்கு அப்புறம் வந்த தண்டனையால ஆளே இல்லாத ஸ்டேடியத்துல நடந்துச்சு, வெரோனா 0-2 தோத்தாங்க, ரெஃப்ரி முடிவுகள் மேல செம்ம கோவம். மேட்ச் முடிஞ்சு டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு கண்ணாடி உடைஞ்சு போலீஸ் வந்து நிக்குது, பொதுவா வாயே திறக்காத பான்யோலி அவங்களை பாத்து, திருடனுங்களை தேடி வந்தீங்கன்னா அவங்க அந்த பக்கத்து ரூம்ல இருக்காங்கன்னு சொன்னாராம்.