கிட்னி பாதிப்பு இருந்தால் ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 2.1 இருப்பதால் சிறுநீரக மருத்துவரிடமும் காட்டி வருகிறோம். அண்மையில் குளிர்க்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தபோது வேறொரு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். அது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால், இரண்டே நாளில் அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை. குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வருகிறது என்றால், தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகத்தையே எட்டியிருக்கக்கூடும். அது ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் இறங்கினால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகம் எந்த மாத்திரையாலும் நேராத அளவுக்குப் பாதிக்கப்படலாம். காய்ச்சல் இப்போது விட்டிருந்தாலும், தாமதிக்காமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உறவினரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஊசியாகப் போடப்படும் ஜென்டாமைசின், அமிகாசின் ஆகியவை சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் சேர்ந்து அவற்றைச் சிதைக்கக்கூடியவை. பெரும்பாலும் ஐந்தாறு நாள்களுக்குப் பிறகே கிரியாட்டினின் ஏறும். அப்போதும் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருப்பதால், ரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. உரிய நேரத்தில் நிறுத்தினால் பலருக்குச் சிறுநீரகம் மெல்லத் தேறிவிடும். பென்சிலின் வகைகளும் ரிஃபாம்பிசினும் சிலருக்கு ஒவ்வாமையால் சிறுநீரக அழற்சியை உண்டாக்குவதுண்டு. அது அளவைப் பொறுத்ததன்று.

மற்றபடி, பல மருந்துகளில் சிக்கல் அளவில்தான் இருக்கிறது. சிறுநீர் வழியே வெளியேற வேண்டிய மருந்து, பழுதான சிறுநீரகத்தால் உடலிலேயே தேங்கும். அதனால் லெவோஃப்ளாக்சசின், அமாக்சிசிலின் போன்றவற்றின் அளவைக் குறைத்தோ, வேளைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டியோ கொடுப்பார்கள். டாக்சிசைக்ளினுக்கு அத்தகைய மாற்றம் தேவைப்படுவதில்லை. நீர்க்கடுப்புக்கு வழக்கமாகத் தரப்படும் நைட்ரோஃபுரான்டாயின், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்குப் பயன் குறைந்தது, நரம்புகளையும் பாதிக்கக்கூடியது. தவிரவும், சிறுநீரகத் திசுவில் இறங்கிய தொற்றுக்கு அது ஏற்றதன்று. கோட்ரைமாக்சசோல், சில ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். அதே மருந்து, சிறுநீரகத்துக்கு எந்தக் கேடும் செய்யாமலே கிரியாட்டினின் எண்ணைச் சற்று கூட்டிக் காட்டுவதும் உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலங்குவோரை நான் நிறையவே பார்க்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சாப்பிடுவோருக்குச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடலாம்.

உண்மையில் நான் அதிகம் அஞ்சுவது, காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையைத்தான். வாந்தியால் நீர்ச்சத்து குறைந்திருக்கும் நேரத்தில், ஆன்டிபயாட்டிக்கின் மேல் விழும் பழி பல சமயம் அதற்கே உரியது.

முந்தைய சீட்டை எழுதிய மருத்துவருக்கு உங்கள் தந்தையின் கிரியாட்டினின் அளவு தெரியுமா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. இம்முறை அந்த ரிப்போர்ட்டையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிய மருந்து தொடங்குமுன் சிறுநீர்க் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று கண்டறியும் பரிசோதனை) கொடுத்துவிடுவது நல்லது; எத்தனை நாள் சாப்பிட வேண்டும், கிரியாட்டினினை மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.