பழைய கெர்னலை விட்டுவையுங்கள்: உபுண்டு கெர்னல் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. உபுண்டு 24.04 பயன்படுத்துகிறேன், 6.8 கெர்னல் இருக்கிறது. அதைவிடப் புதியதற்கு மாறுவது எப்படி? மாறத்தான் வேண்டுமா?

பதில்: வணக்கம். கெர்னல் என்பது வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும், இயங்குதளத்தின் மையப்பகுதி. முதலில் டெர்மினலில் 'யூநேம் -ஆர்' என்று கொடுத்து, வருகிற எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்கல் வந்தால், எந்தக் கெர்னலில் எல்லாம் சரியாக இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று. 24.04 வெளியானபோது வந்தது 6.8. 2025 பிப்ரவரியில் 24.04.2 வெளியீட்டுடன் 6.11, ஆகஸ்டில் 24.04.3 வெளியீட்டுடன் 6.14 என, புதிய வன்பொருளுக்கான எச்.டபிள்யூ.இ. கெர்னல்கள் தொடர்ந்தன. 'லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04' என்னும் பேக்கேஜை, உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவினால், அன்றைக்கு நடப்பில் உள்ள பதிப்பு வரும். அடுத்தவையும் வழக்கமான அப்டேட்டில் தாமாக வந்து சேரும்.

மாற வேண்டுமா என்றால், வைஃபை, திரை, ஒலி, மூடித் திறந்ததும் விழித்துக்கொள்வது ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கும் கணினிக்கு வேண்டியதில்லை. 6.8க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேள்வி: புதிய லேப்டாப்பில் உபுண்டு 22.04 போட்டேன். ரியல்டெக் 8852பிஇ வைஃபை தெரியவே இல்லை.

பதில்: உங்களுக்குக் கெர்னல் மாற்றம் உண்மையிலேயே தேவை. நீங்கள் போட்டது 5.15ஆக இருக்கும், அந்தச் சிப்புக்கான டிரைவர் 6.2இல்தான் கெர்னலுக்குள் வந்தது. கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து டெதரிங் போட்டு, 22.04க்கான எச்.டபிள்யூ.இ. பேக்கேஜை நிறுவுங்கள். 6.8 வரும், வைஃபையும் வரும்.

கேள்வி: கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை மட்டும். என்விடியா கார்டு. மறுபடி முழுதாக நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். கணினியை இயக்கியதும், யூ.இ.எஃப்.ஐ. (புதிய கணினிகளின் துவக்க மென்பொருள்) என்றால் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள்; பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். க்ரப் என்னும் துவக்கப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் முந்தைய கெர்னல் இருக்கும், அதில் நுழையுங்கள். என்விடியா மாட்யூல் (கார்டை இயக்கும் டிரைவர்) கெர்னலுக்கு வெளியே இருப்பது. டி.கே.எம்.எஸ். முறையில் நிறுவியிருந்தால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை உங்கள் கணினியிலேயே மறுபடி கட்டியாக வேண்டும். அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லையென்றால் கட்டுமானம் நின்றுவிடும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கேட்டு, புதிய எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டப்பட்டும் ஏறவில்லை என்றால், செக்யூர் பூட் (ஏற்கப்பட்ட கையெழுத்து உள்ளவற்றை மட்டும் ஏற விடும் பாதுகாப்பு) அந்த மாட்யூலின் கையெழுத்தை ஏற்கவில்லையா என்று அடுத்து பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய கெர்னல்களை உடனே நீக்கிவிடலாமா?

பதில்: கூடாது. மேலே கறுப்புத் திரையிலிருந்து அவரைக் காப்பது அந்தப் பழைய கெர்னல்தான். ஒரு முறை புதியதை நிறுவிய கையோடு, மறுதொடக்கம்கூடச் செய்யாமல் பழையதை நீக்கினேன். அன்று மாலை முழுவதும் வைஃபை இல்லாமல், பென்டிரைவிலிருந்து துவக்கித்தான் கணினியை மீட்டேன். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' இப்போது ஓடும் கெர்னலையும் கடைசி இரண்டையும் விட்டுவைக்கும். அதன் முடிவுக்கு விடுங்கள்.

கேள்வி: கெர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது என்று அப்டேட் நிற்கிறது. உள்ளே போய்க் கோப்புகளை அழிக்கலாமா?

பதில்: கையால் அழித்தால், கெர்னல் இன்னும் இருப்பதாகவே ஆப்ட் எண்ணிக்கொண்டிருக்கும். முதலில் ஆட்டோரிமூவ்; போதவில்லை என்றால், ஓடாத, மிகப் பழைய பதிப்பொன்றை ஆப்ட் வழியாகவே நீக்குங்கள்.

கேள்வி: நீங்கள் மிகையாக அஞ்சுகிறீர்கள். உபுண்டு தன் மாற்றங்களைச் சேர்க்காமல் கட்டித் தரும் மெயின்லைன் கெர்னல்களின் தளத்திலிருந்து கடைசி கெர்னலை இறக்கிப் போடுகிறேன். புதியதில்தான் திருத்தங்கள் அதிகம். 'ஸ்டேபிள்' என்ற டெபியனிலேயே (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) 2023 டிசம்பரில் கோப்புகள் கெட்டனவே?

பதில்: நல்ல கேள்வி. அந்த நிகழ்வை நானும் மறக்கவில்லை. டெபியன் 12இன் 6.1.64 கெர்னலில் இஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமையில் உள்ள கோப்புகளைக் கெடுக்கும் பிழை இருந்தது. புதிய கெர்னலுக்கு எழுதிய ஒரு திருத்தத்தை, அதற்கு முன்தேவையான இன்னொரு மாற்றம் இல்லாமல் 6.1இல் சேர்த்ததே காரணம். 12.3 வெளியீட்டை நிறுத்தி, 6.1.66 உடன் 12.4ஐ டிசம்பர் 10 அன்று கொடுத்தார்கள். ஆனால் அதிலிருந்து 'புதியதே பத்திரம்' என்ற முடிவு வராது. 2021 மார்ச்சில் 5.12இன் முதல் சோதனைப் பதிப்பு, ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) வைத்திருந்தவர்களின் வட்டில் தவறான இடத்தில் எழுதியது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதன் பெயரோடு 'டோன்ட்யூஸ்' என்று சேர்த்து எச்சரித்தார். பிழை இரண்டு பக்கமும் வரும்.

மெயின்லைன் கட்டுமானங்கள் சோதனைக்கானவை. அவற்றை நிறுவினால் ஆப்ட் வழியாக உங்களுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வராது. நீங்களே ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டும்.

கேள்வி: செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத்தான் போடுகிறேன். வாரந்தோறும் இறக்குகிறேன். ஒரு குறையும் இல்லை.

பதில்: வாரந்தோறும் இறக்கும் உங்களுக்கு அது சரி. இதைப் படித்துவிட்டுத் தம் தந்தையின் கணினியில் ஒருமுறை போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவருக்குச் சரியாகாது. அந்தக் கணினி திருத்தமே இல்லாத கெர்னலில் ஆண்டுக்கணக்கில் ஓடும். செக்யூர் பூட் அணையாத கணினியிலோ, கையெழுத்தில்லாத அந்தக் கெர்னல் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று துவக்கத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி: 32 பிட் கணினிக்குப் புதிய கெர்னல்?

பதில்: உபுண்டு டெஸ்க்டாப்பில் 17.10இலிருந்தே 32 பிட் நிறுவல் இல்லை. டெபியன் 13இலும் அதற்கான கெர்னல் இல்லை. டெபியன் 12ஐப் பாருங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு கைபேசியின் கெர்னல் மாற்றுவது?

பதில்: என் துறை அன்று. அந்தக் கைபேசி மாடலுக்கென்றே உள்ள குழுவில் கேளுங்கள்.

கேள்வி: பழைய கெர்னலை எப்போது நீக்குவது?

பதில்: மறுபடியும் இதே கேள்வி, ஆகவே நாள் கணக்காகவே சொல்கிறேன். புதியதில் ஒரு வாரமாவது வேலை செய்யுங்கள். இடையில் மூடியைச் சாத்தித் திறங்கள், புளூடூத்தை இணையுங்கள், பிரிண்டரில் ஒரு தாள் எடுங்கள். எல்லாம் சரியென்றால் ஆட்டோரிமூவ் ஓட்டுங்கள். அப்போதும் ஒரு பழையது மிஞ்சும், மிஞ்சட்டும்.