அம்மா பார்த்த முடிச்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடங்களாக இங்கிலாந்தில் இருக்கிறேன். பழைய இயந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். அந்த ஆர்வத்தில் இரண்டு வருடம் முன்பு பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஓல்ட் வார்டனுக்குப் போய், ஷட்டில்வொர்த் தொகுப்பின் பழைய விமானங்களைப் பார்த்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். காற்று அதிகம் என்று சொல்லி, மிகப் பழைய விமானங்களை அன்று பறக்கவிடவே இல்லை. ஏமாற்றமாக இருந்தது.

அங்கே ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். துணி புதியது, மரத்தில் ஒரு பகுதி புதியது, எஞ்சின் பாகங்கள் சில புதிதாகக் கடைந்தவை என்றார். அப்படியென்றால் இது பழைய பெயரில் ஒரு புது விமானம்தானே? உண்மையிலேயே பழைய பொருள் என்றால் அதைத் தொடாமல் கண்ணாடிக்குள் வைப்பதுதானே மரியாதை? இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பழைய ஆட்சிக்கால ஏக்கமோ என்றும் தோன்றுகிறது.

என் மகனுக்குப் பதினொரு வயது. விமானம் என்றால் உயிர். வரும் விடுமுறையில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதா, ஓல்ட் வார்டனுக்கா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் அம்மாவின் தையல் பெட்டியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அடியில் மெழுகு தடவிய ஒரு சாண் நூல் கிடந்தது. நடுவில் ஒரு முடிச்சு. அது ஓல்ட் வார்டனிலிருந்து வந்த நூல். அதைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்சிக்கால ஏக்கம். இது நீங்கள் கண்ணால் பார்த்து எழுதிய வரி இல்லை, எங்கேயோ படித்ததைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறீர்கள். 1930இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார், ஆஸ்பி எஞ்சினியர் என்ற பெயருள்ள இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். இருவர் கையிலும் இருந்தது மாத் ரகக் குட்டி விமானம். எகிப்தில் அபூகீரில் எதிரெதிராகச் சந்தித்தபோது ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். போட்டியாளரான டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போனது. அதே டாட்டா 1982இல், தன் 78வது வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய லெப்பர்ட் மாத்தைத் தனியாக ஓட்டி வந்தார். 1932இல் முதல் தபால் விமானத்தை ஓட்டிவந்த அதே பாதை. அந்த விமானங்கள்மேல் அவருக்கு இருந்த பிரியத்தை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? சரி, இது போதும்.

அடுத்தது காற்று. இதைப் படித்தபோது உங்கள்மேல் கோபமே வந்தது. ஓல்ட் வார்டனில் இருக்கும் பிளேரியோ விமானம் 1909ஆம் வருடத்தது. அந்த வருடம் ஜூலை 25ஆம் தேதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது இதே ரக விமானத்தில்தான். மூன்று சிலிண்டர் அன்சானி எஞ்சின், இன்றைய பைக்குகள் பலவற்றின் சக்திகூட அதற்கு இல்லை. இறக்கையின் ஓரத்தில் அசையும் பலகை கிடையாது. கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் சமநிலை பிடிக்க வேண்டும். அதனால் அதைப் புல்வெளிக்கு மேல் நேராகக் கொஞ்ச தூரம் எழுப்பி அப்படியே இறக்கிவிடுவார்கள். வளைத்துத் திருப்புவதில்லை. மரத்து இலை அசையாத மாலை வேளைக்காகக் காத்திருந்துதான் அதையும் செய்வார்கள். அன்று காற்று அடங்கவில்லை, எடுக்கவில்லை. அவ்வளவுதான். ஐயாயிரம் பேர் காத்து நிற்கும்போதும் ஒருவர் வானத்தையும் காற்றின் திசை காட்டும் துணிப்பையையும் பார்த்துவிட்டு 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லத் துணிகிறாரே, அந்தத் துணிவு இருப்பதால்தான் அந்த விமானம் இன்னும் இருக்கிறது. டிக்கெட் காசை வைத்து அதை அளக்காதீர்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1923ஆம் வருடத்து ஹம்மிங் பேர்ட், ஒரே ஒருவர் உட்காரும் சின்னஞ்சிறு விமானம், 2012 ஜூலையில் அங்கே விழுந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் பேசுவது நேர்மையில்லை. இந்த இடத்தை உண்டாக்கிய குடும்பமே அப்படி ஒரு சாவைப் பார்த்த குடும்பம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் 'பழைய பெயரில் புது விமானம்'. இதை இரண்டு வரியில் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

கண்ணாடிக்குள் இருப்பது தொடப்படாதது என்று யார் சொன்னார்கள்? ரைட் சகோதரர்களின் 1903ஆம் வருடத்து விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 17 அன்று நான்கு தடவை பறந்தது. கடைசித் தடவை 59 விநாடி. அப்புறம் காற்று அதைப் புரட்டிப் போட்டது, மறுபடி அது பறக்கவே இல்லை. 1928 முதல் 1948 வரை நீங்கள் சொல்லும் அதே லண்டன் அருங்காட்சியகத்தில்தான் இருந்தது. அங்கே அனுப்புவதற்கு முன்பு ஓர்வில் ரைட்டே அதற்குப் புதுத் துணி போட்டார். பிறகு அமெரிக்காவில், 1985இல், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் மறுபடியும் துணி மாற்றினார்கள். உலகத்திலேயே மிகப் போற்றப்படுகிற விமானத்தின் மேல்துணி 1903இன் துணி இல்லை. துணி என்றால் நைந்துதான் போகும். கண்ணாடிக்குள் வைத்தாலும் நையும், பறக்கவிட்டாலும் நையும்.

கேள்வி என்னவென்றால், நைந்த பிறகு அதை மறுபடி போடத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான்.

முதல் உலகப் போர்க் காலத்து ஆவ்ரோ 504 ஒன்று அங்கே இருக்கிறது. அதில் லு ரோன் எஞ்சின். அந்த எஞ்சினில் கிராங்க் என்கிற நடுத்தண்டு அசையாமல் நிற்கும், ஒன்பது சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். உள்ளே போகும் பெட்ரோல் சாதாரண எண்ணெயைக் கரைத்துவிடும் என்பதால் விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். விளக்கெண்ணெய் பெட்ரோலில் கரையாது. ஊற்றியது திரும்பி வராது, புகையோடு வெளியே தெறித்துப் போய்விடும். விமானம் முன்னால் ஓடிக் கடந்ததும் காய்ந்த புல் வாசனையோடு சுட்ட விளக்கெண்ணெய் வாசனை வந்து முகத்தில் அடிக்கும். என் மூக்குக்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக எண்ணெய். விமானிக்கு இரண்டு நெம்புகோல், ஒன்று காற்றுக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். இறங்கும்போது கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி விடுவார். அழுத்தினால் தீப்பொறி நிற்கும், விட்டால் எஞ்சின் மறுபடி பிடிக்கும். பர்ர்ர், மௌனம், பர்ர்ர், மௌனம் என்று அது இறங்கி வருகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கையேடுகளில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நானும் படித்திருந்தேன். ஆனால் எழுதி வைத்தது கைக்கு வராது என்பதை அம்மாதான் எனக்குக் காட்டினாள்.

அம்மா நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். என்னோடு தங்க வந்திருந்தபோது அவளைத் தனியாக வீட்டில் விட முடியாமல்தான் அங்கே அழைத்துப் போனேன். அவளுக்கு விமானத்தில் ஒரு ஆர்வமும் கிடையாது. விமானங்களை நிறுத்தும் ஹேங்கர்களில் என் பின்னால் பொறுமையாக நடந்து வந்தாள். பழுது பார்க்கும் இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் ஒரு இறக்கையை நிறுத்தி வைத்து, இந்தப் பக்கம் ஒரு பெண்மணி, அந்தப் பக்கம் ஒரு வயதானவர். இவர் நீளமான ஊசியைக் குத்தி அனுப்புவார், அவர் வாங்கித் திருப்பிக் குத்துவார். துணியை இறக்கையின் விலாக் கட்டைகளோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. அரை மணி நேரம் இருக்கும். பிறகு என்னிடம் சொன்னாள்: "ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு போடுறாங்க பாரு. ஒண்ணு அறுந்தாலும் அடுத்தது பிரியாது. நம்ம மெஷின் தையல் அப்படி இல்ல."

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் அந்தப் பெண்மணியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஊசியைத் துணியில் செருகிவிட்டு எழுந்து வந்தார். "ஆமாம், அதற்காகத்தான்" என்றார். வானத்தில் துணிக்குக் கீழே காற்று புகுந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும், ஒரு இடத்தில் அறுந்தது அங்கேயே நிற்க வேண்டும். தைத்து முடித்த இன்னொரு இறக்கையைக் காட்டி விரலால் தட்டச் சொன்னார். டோப் என்கிற பூச்சைப் பூசிக் காய்ந்த துணி மேளத் தோல் மாதிரி விண்ணென்று இருந்தது. பிறகு ஒரு துண்டு நூலை வெட்டி அந்த முடிச்சைப் போட்டு அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை அவிழ்த்தாள். இரண்டு தடவை தவறாகப் போட்டாள். அவர் தன் விரலால் அம்மாவின் விரலைப் பிடித்து நூலை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியாது, எஸ். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்மணியும் ஒரு பழைய தொண்டரிடம்தான் அதைக் கற்றுக்கொண்டாராம். பறக்காத விமானத்துக்கு இந்த முடிச்சு தேவையே இல்லை. பசை போட்டு ஒட்டினால்கூடக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஒருவர் அதில் ஏறி உட்கார்ந்து தரையை விட்டு மேலே போகப் போகிறார் என்பதால்தான் ஒவ்வொரு முடிச்சும் சரியாக இருக்க வேண்டியிருக்கிறது, துணி நைந்து மாற்ற வேண்டி வருவதால்தான் அடுத்தவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. நீங்கள் குறையாகச் சொன்ன அந்தப் புதுத் துணிதான் அங்கே இருக்கிற மிகப் பழைய விஷயம். போய் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, இது போலி என்று மறுபடி எனக்கு எழுதுங்கள், பார்க்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் பறக்கவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஏமி ஜான்சன் 1930இல் தனியாக ஆஸ்திரேலியா வரை ஓட்டிப் போன ஜேசன் என்ற மாத் விமானம் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை இறக்கிப் பறக்கவிடப் போகிறார்கள் என்றால் நானே எதிர்த்து எழுதுவேன். அதன் சகோதரிகள் வெளியே பறப்பதால்தான் அது நிம்மதியாகத் தொங்க முடிகிறது.

உங்கள் கேள்வி. ஓல்ட் வார்டனுக்கே போங்கள். மாலை நிகழ்ச்சி இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், கடைசி வரை இருங்கள், வெயில் இறங்கியதும் குளிரும், பையனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுது பார்க்கும் இடத்தில் அவனை அவசரப்படுத்தாதீர்கள். 1934இல் மூன்று நாளுக்குள் மெல்பர்ன் போய்ச் சேர்ந்த சிவப்பு காமெட்டும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்தால் அன்று ராத்திரி அவன் தூங்க மாட்டான்.

நாங்கள் போன அன்றும் பிளேரியோ வெளியே வரவில்லை. காற்றுதான். மாலையில் 1932இல் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் வாங்கிய மாத் மட்டும் மேலே போனது. வாங்கிய நாளிலிருந்து அதே மைதானத்தில் இருக்கும் விமானம். புல்லில் உட்கார்ந்து அம்மாவுக்கு அவர் கதையைச் சொன்னேன். ஒரே மகன். 1940இல், 31வது வயதில், விமானப் படையில் இரவுப் பயிற்சியின்போது விழுந்து இறந்தார். அவர் தாய் டோரதி 1944இல் மகன் நினைவாக அறக்கட்டளை அமைத்தார். அதனால்தான் இந்த விமானங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாத் ஒரு சுற்று சுற்றி எங்கள் தலைக்கு மேலே வந்தது.

"அந்தம்மா பையன் ஓட்டினதா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அது புல்லில் இறங்கி, எஞ்சின் நின்று, இரண்டு பேர் வந்து தள்ளிக்கொண்டு ஹேங்கருக்குள் போகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. காரில் வரும்போது நூல் அவள் கையிலேயே இருந்தது.