கான்சஸில் எண்ணிய வாக்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றுதானே 1854இல் சட்டம் போட்டார்கள்? ஜனநாயக வழிதானே அது? பிறகு கான்சஸ் ஏன் ரத்தக்களரி ஆனது? 1860 கணக்கெடுப்பில் அங்கே இரண்டே அடிமைகள் இருந்ததாகப் படித்தேன். இல்லாத ஒன்றுக்காகவா அடித்துக்கொண்டார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாக்கெடுப்பு நடத்தச் சொன்ன சட்டம், வாக்கெடுப்புக்கு வேண்டிய எதையும் சரியாகச் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. (யாருடைய வாழ்வைப் பற்றிய வாக்கோ அவர்களுக்கு வாக்கே இல்லை என்பது எல்லாவற்றுக்கும் முந்தைய சிக்கல்.)

இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்கு மேற்கே ரயில்பாதை வேண்டும். அதற்கு அங்கே அரசு அமைய வேண்டும், அது அமையத் தென்மாநிலங்களின் ஆதரவு வேண்டும். அதற்காகத்தான் 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்ற 1820 உடன்பாட்டை ரத்து செய்தார். மக்கள் தீர்மானிப்பார்கள் என்று எழுதியவர், எப்போது என்று எழுதவில்லை. முதல் சட்டசபையே தடை செய்யலாம் என்று வடக்கே சொல்லிக்கொண்டார்கள். பிரதேசம் பிறகு முழு மாநிலமாகும்போதுதான் அந்தப் பேச்சு, அதுவரை அடிமைகளைக் கொண்டுபோகலாம் என்று தெற்கே படித்தார்கள். இரு பக்கத்து வாக்கும் விழ அந்த மூட்டம் தேவைப்பட்டது.

அடுத்தது, வாக்காளர் யார்? அங்கே உண்மையாகக் குடியிருப்பவர். எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும்? கணக்கில்லை. நிலையாகத் தங்கும் எண்ணம் இருந்தால் போதும். எண்ணத்தை எந்த வாக்குச்சாவடியில் சோதிப்பது? அடிமைமுறை இல்லாத வடக்கே பாஸ்டனிலிருந்து வருபவர் ரயிலும் நீராவிப் படகுமாக வந்துசேர வேண்டும். அடிமைமுறை உள்ள மிசௌரி மாநிலத்தாருக்கு எல்லை தாண்டினால் கான்சஸ். மிசௌரி செனட்டர் டேவிட் அட்சிசனே முன்னின்று ஆள் திரட்டினார்.

1855 தொடக்கத்தில் எடுத்த கணக்கில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். மார்ச் 30 அன்று நடந்த முதல் சட்டசபைத் தேர்தலில் விழுந்த வாக்குகள் 6,307. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் குடியேறிய லாரன்ஸ் நகரில் மட்டும் 1,034 வாக்குகள். அவற்றில் 802 கள்ளவோட்டு என்று பின்னால் காங்கிரஸ் விசாரணைக் குழு கண்டது. இத்தனையும் ரகசியமாக நடக்கவில்லை. துப்பாக்கியோடும் பீரங்கியோடும் கூட்டமாக வந்து, வாக்களித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆளுநர் ரீடர் புகார் வந்த சில தொகுதிகளில் மட்டும் மறுதேர்தல் வைத்தார். மிரட்டலுக்கு நடுவே புகார் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மறுதேர்தலில் வென்றவர்களையும் சட்டசபை கூடியதும் வெளியேற்றிவிட்டது. பிறகு அது மிசௌரிச் சட்டங்களைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டது. இங்கே அடிமைகளை வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொன்னாலே குறைந்தது இரண்டாண்டு கடுங்காவல். அடிமைமுறையை எதிர்த்த தரப்பு டொபீகா நகரில் தனி அரசு அமைத்தது. ஒரு பிரதேசத்தில் இரண்டு அரசுகள் என்றான பின் 1856இல் லாரன்ஸ் அடிமைமுறை ஆதரவாளர்களால் சூறையாடப்பட்டதும், அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுன் கூட்டம் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் ஐந்து பேரை வெட்டிக் கொன்றதும் நடந்தன.

என் பார்வையில், கான்சஸை மாநிலமாக்க அடிமைமுறை ஆதரவாளர்கள் லெகாம்ப்டன் நகரில் எழுதிய அரசியல் சட்டத்துக்கு 1857 டிசம்பரில் நடத்திய வாக்கெடுப்பு இதைவிடத் தேர்ந்த மோசடி. வாக்குச்சீட்டில் இரண்டே தெரிவுகள்: அடிமைமுறையோடு இந்தச் சட்டம், அடிமைமுறை இல்லாமல் இந்தச் சட்டம். சட்டமே வேண்டாம் என்பவருக்கு இடமில்லை. இரண்டாவதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே அங்கிருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். எதிர்த்தவர்கள் வாக்களிக்கப் போகவில்லை. 6,226க்கு 569 என்று முதல் தெரிவு வென்றது. அடுத்த ஜனவரி 4 அன்று நேர்க்கேள்வி வைத்தபோது வேண்டாம் என்றவர்கள் 10,226 பேர். அப்போது மறுதரப்பு போகவில்லை. அதன் பிறகும் ஜனாதிபதி புக்கானன் லெகாம்ப்டனையே ஆதரித்தார். டக்ளஸ் தன் கட்சி ஜனாதிபதியை எதிர்த்து நின்றார். 1858 ஆகஸ்டில் இரு தரப்பும் வாக்களித்த தேர்தலில் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் லெகாம்ப்டன் தோற்றது.

இரண்டு அடிமைகள் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது சண்டை முடிந்த பிறகு எடுத்த கணக்கு. 1855 கணக்கெடுப்பில் அடிமைகள் நூற்றுத் தொண்ணூறுக்கும் மேல். இவ்வளவு கலவரத்துக்கு நடுவே எந்த எஜமான் விலைகொடுத்து வாங்கியவர்களைக் கொண்டுபோவான்? தவிர, கண் செனட்டின் மீதும் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள். 1850இல் கலிபோர்னியா சேர்ந்ததும் அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் 16, உள்ளவை 15. மிசௌரிக்கோ கிழக்கே இல்லினாய், வடக்கே அயோவா. கான்சஸும் போய்விட்டால் தப்பியோடும் அடிமைக்கு மூன்று பக்கமும் வழி.

கான்சஸ் 1861 ஜனவரி 29 அன்று அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது. அதற்கான மசோதா செனட்டில் நிறைவேறியது ஜனவரி 21 அன்று. தங்கள் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துவிட்டதால் ஜெபர்சன் டேவிஸும் வேறு சில தென்மாநில செனட்டர்களும் விடைபெற்று வெளியேறியதும் அதே நாளில்தான்.